கண்ணாடிக்கு வெளியே நின்றவனை உள்ளே அழைத்தவர்

அன்பான சகோதர சகோதரிகளே, நான் ஐந்தாவது வரைதான் படித்தவன். கையெழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். சபையில் எழுந்து நின்று பேச எனக்கு நா எழாது. அதனால் எழுதிப் பாஸ்டரிடம் கொடுக்கிறேன்.

போன மழைக்காலத்தில் என் மனைவிக்கு ஏழாம் மாதத்திலேயே பிரசவமானது. எங்கள் மூத்த மகளின் பிள்ளையே நடக்கிறது. இந்த வயதில் மறுபடியும் தகப்பனாகிறேனே என்று வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். ஆனாலும் ஏரிக்கரையில் தெரிந்துவிட்டது. "இன்னா மச்சான், பேரனுக்கா புள்ளைக்கா, யாருக்குத் தொட்டில் கட்டப் போற?" என்று என் படகுக் கூட்டாளி கேட்பான். நான் குனிந்தபடியே வலையை உதறுவேன்.

பொன்னேரி ஆஸ்பத்திரியிலிருந்து சென்னைக்கு அனுப்பினார்கள். வலிப்பு வந்து மனைவிக்கு நினைவில்லை. பிறந்த மகள் கண்ணாடிப் பெட்டிக்குள், ஒரு பெரிய மடவை மீன் அளவுதான். மூச்சு நின்று நின்று வந்தது. நான் கதவுக் கண்ணாடிக்கு வெளியே நின்று, "ஆண்டவரே, உம்முடைய கையால் அவளைத் தொடும்" என்று அழுதேன்.

அப்போது டாக்டரம்மா வந்தார். இத்தனை சின்ன உடம்பு படும் வலியும் சத்தமும் உள்ளே அடையாளம் வைத்துவிடலாமாம். மரபணு மாறாது, அது வேலை செய்கிற விதம் மாறலாமாம். வளர்ந்த பிறகும் பதற்றம் லேசில் அடங்காமல் போகலாமாம். பெற்றவர் நெஞ்சில் தோலோடு தோலாக வைத்திருந்தால் பிள்ளை அமைதியாகும் என்றார். பிறகு, "அம்மாவால இப்ப முடியாது. அப்பா யாரு?" என்று கேட்டார்.

சுற்றிலும் இளம் தகப்பன்மார். நரைத்த மீசையோடு நான்தான் என்று சொல்ல முடியவில்லை. ஆண்டவரைத் தொடச் சொன்னவன், அவர் என் கையைக் கேட்டபோது ஒளிந்துகொண்டேன். இதை எழுதும்போதும் கூசுகிறது.

"தாத்தாவா? பரவால்ல, கை கழுவிட்டு, சட்டையைக் கழட்டிட்டு வாங்க" என்றார் நர்ஸ். அதற்குள் உள்ளே மெஷின் கத்தியது. அவர் ஓடிப்போய் முதுகைத் தடவி மகளுக்கு மூச்சு வரவைத்தார்.

"நான்தாம்மா அப்பா" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன்.

தினமும் வெறும் உடம்போடு ஏரியில் நிற்கிறவனுக்கு, அங்கே சட்டையைக் கழற்றக் கூச்சம்; பொத்தானை ஒவ்வொன்றாக மெல்லக் கழற்றினேன். "போட்ல இன்னா, கோட்டு சூட்டோடயா போறீங்க?" என்றார், என் தொழிலைச் சீட்டில் பார்த்திருந்த நர்ஸ். மகளை என் நெஞ்சில் வைத்துத் துணியால் கட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் அவள் மூச்சு சீரானது. என் ஜெபத்துக்கு அங்கேயே பதில் வந்தது.

மனைவியும் கண் விழித்தாள். மகள் இப்போது தவழப் பார்க்கிறாள். பின்னாளில் எப்படி இருப்பாள் என்று டாக்டரம்மா உறுதி சொல்லவில்லை. அதையும் ஆண்டவரிடமே விட்டிருக்கிறேன். கரையில் யார் கேட்டாலும், என் பிள்ளை என்று சொல்கிறேன்.

பிரியமானவர்களே, ஜெபியுங்கள், அவர் கேட்கிறார். பதிலுக்கு உங்களையே கூப்பிட்டாரானால் ஒளிந்துகொள்ளாதீர்கள், போங்கள்.

வெட்கத்தில் பலமுறை கிழித்துப் போட்டு, கடைசியில் எழுதி முடித்தது: 14-7-2024, ஞாயிற்றுக்கிழமை.