பழைய கார்டின் வரி

வலியசாலை விஜயம் முப்பத்தோரு வருஷம் நீர்ப்பாசன அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தவள். அடித்ததை மூலத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்புநோக்காமல் ஒரு தாளையும் மேலே அனுப்பியதில்லை. வீட்டுக் கம்ப்யூட்டரின் பக்கம் அவள் போனதில்லை. அது கணவர் நாகேஸ்வரனின் பாடு. பள்ளிக்கூட வாத்தியாரான அவர் கம்ப்யூட்டரை இயக்க விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸுக்குப் பயிற்சி எடுத்துவந்து வீட்டிலும் அதையே போட்டிருந்தார். இடி முழங்கினால் ஓடிப்போய் இணைய வயரைப் பிடுங்குவதும் அவர்தான்.

அவர் காலமான மூன்றாம் மாதம், 2007 ஐப்பசியின் துலாமழையில், விஜயத்துக்கு வயரின் நினைவே வரவில்லை. இடியில், கம்ப்யூட்டரை இணையத்தோடு சேர்க்கும் நெட்வொர்க் கார்டு கருகிப்போயிற்று.

அந்த வாரமே மஸ்கட்டில் மகள் ஸ்ரீலக்ஷ்மிக்குப் பெண் குழந்தை பிறந்தது. போட்டோவை அப்பாவின் மெயிலுக்கு அனுப்பியிருந்தாள். அதன் கடவுச்சொல் அந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டுமே தெரியும்.

பழவங்காடிக் கடைக்காரர் சத்தியநேசன் வந்து புதுக் கார்டை மாட்டினார். இணைப்பு வரவில்லை.

"மாமி, இது லினக்ஸாக்கும். எனக்கு அறியாது. விண்டோஸ் போட்டுத் தரட்டா? உள்ள இருக்கது எல்லாம் போயிரும், கேட்டியளா."

"ஒண்ணும் போக வேண்டாம். நான் பாத்துக்கறேன்."

"மாமியா?"

"ஏன், மாமிக்கு டைப் அடிக்கத் தெரியாதாக்கும்?"

அவர் சிரித்துக்கொண்டே போனார்.

கம்ப்யூட்டர் வேலைகளைக் கணவர் எழுதி வைத்திருந்த நோட்டில் இருந்தபடி கட்டளையை அடித்தாள். நோட்டில் கார்டுக்கு eth0 என்று பெயர்; அப்படி எதுவுமே இல்லை என்றது திரை. இன்னொரு முறை, பிசகில்லாமல் அடித்தாள். அதே பதில். நோட்டைப் புரட்டி, கார்டுகளின் பெயர்ப்பட்டியல் இருக்கும் கோப்பைத் திறந்தாள். இரண்டு வரிகள். ஒவ்வொன்றிலும் நீளமாக ஒரு எண். கருகிய கார்டை எடுத்து, அதன்மேல் ஒட்டியிருந்த சீட்டின் எண்ணை விரல் வைத்து ஒப்பிட்டாள். முதல் வரி அதுதான். eth0 என்ற பெயரைப் பழைய கார்டுக்கே வைத்துக்கொண்டு, புதிதாக வந்ததற்கு eth1 என்று கொடுத்திருந்தது கம்ப்யூட்டர்.

'கார்டு மாற்றினால் பழைய வரியை அழிக்கவும்' என்று நோட்டில் எழுதியிருந்தார். விஜயத்தின் விரல் அழிக்கும் கட்டையின்மேல் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு வரியை அழிக்காமல் அந்தக் கோப்பை அப்படியே மூடினாள். இணைப்பு அமைக்கும் கோப்பைத் திறந்து, eth0 இருந்த இடத்திலெல்லாம் eth1 என்று திருத்தினாள். கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டாள்.

மெயில் திறந்தது. துணிச்சுருளுக்குள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஒரு முகம்.

"எத்தனை முடிடீ," என்றாள் மகளிடம் போனில்.

"பாத்துட்டியாம்மா? யாரு சரி பண்ணிக் குடுத்தா?"

"அப்பா நோட்டுல எழுதி வெச்சிருந்தார். ஒரு எடத்துல மட்டும் அவர் சொன்னபடி நான் செய்யலை."