ஆளில்லாத கோபுரமும் என் பெர்மெஸ்ஸோவும்

கடலோரக் காவற்கோபுரங்களைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரிந்த தமிழன் இத்தாலியின் பலெர்மோவில் இல்லை என்று ஒரு காலத்தில் நம்பியிருந்தேன். பொலிதேயாமா தியேட்டருக்குப் பக்கத்தில் நான் துப்புரவு வேலை செய்த வீட்டுக்கார சிஞ்ஞோராவிடம் அதைப் பற்றி ஒரு தடித்த படப்புத்தகம் இருந்தது. தூசு தட்டும் சாக்கில் நாலு வரி வாசிப்பேன். அறிவு வளர்ந்ததோ இல்லையோ, அலுமாரியின் அந்தத் தட்டு மட்டும் எப்போதும் பளபளவென்று இருந்தது.

ஊரில் யுத்தம் முடிந்து ஒன்பது வருடமாகியிருந்தது. மகளுக்கு எட்டு வயது, இங்கேயே பிறந்தவள். வன்னியில் பட்டது எதையும் அவளுக்குச் சொல்வதில்லை என்று மனைவியும் நானும் முடிவு செய்திருந்தோம். நாங்கள் பயந்தது போதும், பிள்ளையாவது அது தெரியாமல் வளரட்டும். இந்த விஷயத்தில் என் நடிப்பு மகா திறமானது என்று எனக்கு நினைப்பு.

ஏதாவதொரு காவற்கோபுரத்தைப் பார்த்துவிட்டு வந்து வகுப்பில் பேசும்படி மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள்.

"நான் கூட்டிக்கொண்டு போறன். ரீச்சருக்கே தெரியாததெல்லாம் சொல்லித் தாறன்" என்றேன். மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சைக்கிளையும் ரயிலில் ஏற்றி, பகேரியாவில் இறங்கினோம். மகளைப் பின்னால் வைத்து மிதித்தபடி அளக்கத் தொடங்கினேன். கடற்கொள்ளைக்காரர் வந்து சனத்தை அடிமைகளாகப் பிடித்துப்போன காலம். அதனால் ஸ்பானியர் ஆட்சியில் இந்தத் தீவைச் சுற்றிக் கோபுரங்கள் எழுந்தன. ஒன்றில் நின்றால் அடுத்தது தெரியும். கப்பலைக் கண்டால் பகலில் புகை, இரவில் நெருப்பு.

"அப்ப உள்ளை இருந்தவை நல்ல ஆக்களா அப்பா?"

"ஓம் பிள்ளை, சனத்தைக் காப்பாத்தத்தானே இருந்தவை. பயப்பிட ஒண்டுமில்லை."

வளைவு திரும்பியதும் கோபுரம் தெரிந்தது. பாதி இடிந்த கற்சுவர், உச்சியில் புறாக்கள், வீதியைப் பார்த்தபடி ஒரு சின்னச் சதுர ஜன்னல். அடுத்து நடந்ததை என் கைகால்கள் என்னைக் கேளாமலே செய்தன. சைக்கிளை நிறுத்தி இறங்கினேன். மகளையும் இறக்கினேன். தொப்பியைக் கழற்றினேன். சட்டைப் பையிலிருந்த பெர்மெஸ்ஸோ அட்டையை எடுத்துக் கையில் பிடித்தபடி, தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளை உருட்டினேன். வன்னியில் இராணுவக் காவலரணை நாங்கள் அப்படித்தான் கடப்போம். இத்தாலியில் வசிக்கும் அனுமதியைப் புறாக்களுக்குக் காட்டிய முதல் மனிதன் நானாகத்தான் இருக்கும்.

"ஏன் அப்பா இறங்கினனீங்கள்?"

"மேடு பிள்ளை. மூச்சு வாங்குது."

"இது இறக்கம் அப்பா."

குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள். எனக்கு மீசை முழுக்க மண்.

கோபுரத்தடியில் இருந்து அவள் படம் கீறினாள். நான் மனதுக்குள் என்னைத் திட்டித் தீர்த்தேன். இந்தக் கோபுரங்கள் கடலைப் பார்ப்பதற்காகக் கட்டியவை. எங்கள் ஊரில் இருந்தவை எங்களைப் பார்த்தன. புத்தகத்தையே தூசு தட்டிக் கரைத்துக் குடித்தவனின் முழங்காலுக்கு இது விளங்கவில்லை.

அப்பால் இருந்த சின்னக் கடற்கரையில் பாணும் கத்தரிக்காய்ப் பொரியலும் சாப்பிட்டோம். திரும்பும்போது மணியடித்து, பாட்டுப் பாடிக்கொண்டே கோபுரத்தைக் கடப்பது என்று தீர்மானித்தேன். பிள்ளை காலையில் கண்டதை மறந்துவிடுவாள். இப்போது உண்மையிலேயே மேடு. ஆனாலும் மூச்சிரைக்கப் பாடினேன். என் குரலுக்குப் புறாக்கள் எழும்பிப் பறந்தன.

"நிப்பாட்டுங்கோ அப்பா" என்றாள் மகள்.

நிறுத்தினேன். அவள் குதித்து இறங்கித் தன் தொப்பியைக் கழற்றினாள். பையைத் துழாவி, தன் படம் ஒட்டிய பள்ளிக்கூட பஸ் அட்டையை எடுத்தாள். அதை அந்த வெறும் ஜன்னலுக்கு நேராக உயர்த்திப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் என் விரல்களைப் பற்றினாள்.

"பயப்பிடாதேங்கோ அப்பா" என்றாள், மெல்லிய குரலில். "என்னட்டையும் கார்ட் இருக்கு."