எங்கள் பள்ளி போர்வெல் உப்பான கதை

1. எண் ஏறியது

ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் டி.டி.எஸ். மீட்டரை டம்ளர் தண்ணீரில் விட்டு எடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். எண் இறங்கியிருக்க வேண்டும். ஏறியிருந்தது.

டி.டி.எஸ். மீட்டர் என்பது பேனா மாதிரி ஒரு கருவி. தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று ஓர் எண் காட்டும். வாட்டர் பில்டர் விற்க வீடு வீடாக வருகிறவன் பையில் இருப்பது அதுதான். துடியலூர்ப் பக்கம் ஓர் உதவி பெறும் பள்ளியில் நான் அறிவியல் டீச்சர். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். நீர் சுழற்சிப் பாடத்துக்கு ஒரு கடல், ஒரு மேகம், ஒரு மலை, நாலு அம்புக்குறி வரைந்து பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைப்பது எனக்குப் பிடிக்காது. அதனால் அந்த வருஷம் பள்ளி திறந்ததில் இருந்து வாரம் ஒரு தடவை போர்வெல் தண்ணீரை அளக்கச் சொல்லியிருந்தேன். மழை பெய்யும், நீர் பூமிக்குள் இறங்கும், நிலத்தடி நீரின் உப்பு குறையும். அதைக் கண்ணால் பார்க்கட்டும் என்பது என் திட்டம். போர்வெல்லுக்குப் பக்கத்திலேயே மழைநீர் சேகரிப்புக் குழி இருந்தது. கல்லும் மணலும் நிரப்பி, மேலே பச்சை போர்டு வைத்த குழி. பாடத்துக்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது என்று நினைத்திருந்தேன்.

ஐப்பசி மழை நன்றாகப் பெய்தது. எண் இறங்கவே இல்லை. ஒவ்வொரு வாரமும் ஏறியது.

"மிஸ், புஸ்தகத்துல தப்பாப் போட்டுட்டாங்களா?" என்று நந்தினி கேட்டாள். எல்லாவற்றுக்கும் கை தூக்குகிறவள் அவள்.

"புஸ்தகத்துல தப்பில்ல கண்ணு. வேற எங்கயோ தப்பு இருக்குது."

முதலில் மீட்டரைச் சந்தேகப்பட்டேன். முனிசிபல் குழாயில் வந்த நல்ல தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். சரியாகவே காட்டியது. அதற்குள் சத்துணவு அம்மா சமையலறையில் இருந்து சத்தம் போட ஆரம்பித்துவிட்டார். "என்னங்க டீச்சர், அண்டாவுக்குள்ள வெள்ளையடிச்ச மாதிரி படிஞ்சு கெடக்குது. தேச்சுத் தேச்சு என் கை போச்சுங்க." குடிதண்ணீரை வடிகட்டும் ஆர்.ஓ. மெஷினைச் சுத்தம் செய்ய வருகிற ஆளும் அடிக்கடி வந்து போனான். போர் தண்ணீர் கெட்டுக்கொண்டே போகிறது என்பது பள்ளி முழுவதும் தெரிந்துவிட்டது.

2. எல்லாருக்கும் தெரிந்த குற்றவாளி

பள்ளிச் சுவருக்கு அந்தப் பக்கம் சலீம் பாயின் பிளேட்டிங் பட்டறை. பம்பு பாகங்களுக்கும் போல்ட் நட்டுக்கும் முலாம் பூசும் வேலை. சில நாள் ஆசிட் வாசம் எங்கள் வகுப்பு வரைக்கும் வரும். அப்புறம் என்ன, யாரும் யோசிக்கவே இல்லை.

"நான் அப்பவே சொன்னனுங்களே" என்றார் ஹெச்.எம். "அந்த ஆளு கழிவ பூமிக்குள்ள உட்டுப்போடறான். வேற யாரு இருக்கறாங்க இங்க?"

அவர் அறையில் பெற்றோர் சங்கத் தலைவரும் உட்கார்ந்திருந்தார். மனை வாங்கி விற்கும் தொழில் செய்கிறவர். "திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர்ப்பு நாள். மனுவ நான் ரெடி பண்ணீட்டேன். பட்டறைக்கு சீல் வெக்காம உடறதில்லீங்க" என்றார்.

பிள்ளைகள் எடுத்த அளவுகளை ஒரு தாளில் டைப் செய்து என் முன்னால் நீட்டினார்கள். கீழே என் பெயர் தயாராக இருந்தது.

"நீங்க சயின்ஸ் டீச்சர். நீங்க கையெழுத்துப் போட்டா வெயிட்டுங்க" என்றார் ஹெச்.எம்.

"இந்த மீட்டர் உப்பு இருக்குதுன்னுதானுங்க சொல்லும். யாரு போட்டாங்கன்னு சொல்லாது."

"பக்கத்துல பட்டறை இருக்குது, இங்க தண்ணி கெடுது. இதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு? டீச்சர், நீங்க உங்க ஊட்டுக்காரரையாச்சும் நம்புவீங்களா?"

"கேஸ் ஆஃப் பண்ணிட்டேன்னு அவரு சொன்னாலும் நான் போய்ப் பாத்துட்டுத்தானுங்க படுப்பேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. திங்கள் காலை சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

எனக்கு யார் மேலும் நம்பிக்கை இல்லை. சலீம் பாய் மேலும் இல்லை. ஆசிட் வைத்துத் தொழில் செய்கிறவர் என்ன செய்வார் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் பெற்றோர் சங்கத் தலைவர் ஏன் இவ்வளவு அவசரப்படுகிறார் என்பதும் எனக்கு உறுத்தியது. பள்ளி வேன் நிறுத்த அந்தப் பட்டறை இடம் கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று பழைய கூட்டம் ஒன்றில் அவர்தான் பேசியிருந்தார். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று என்னால் நிரூபிக்க முடியாது. இன்றைக்கும் அது சந்தேகமாகவே இருக்கிறது.

3. சுவருக்கு அந்தப் பக்கம்

வெள்ளிக்கிழமை காலை பள்ளி தொடங்கும் முன் மீட்டரை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். சலீம் பாய் கேட்டிலேயே நின்றிருந்தார். மனு விஷயம் அவர் காதுக்குப் போயிருந்தது.

"ஏனுங்க டீச்சரம்மா, கையெழுத்துப் போட்டுப்போட்டு மூஞ்சியப் பாத்துட்டுப் போலாம்னு வந்தீங்களா?"

"இன்னும் போடலீங்க. உங்க போர் தண்ணிய அளக்கோணும். உங்க கழிவு எங்க போகுதுன்னும் பாக்கோணும்."

"நான் சொன்னா நம்ப மாட்டீங்க."

"மாட்டனுங்க."

அவர் கேட்டைத் திறந்துவிட்டார். "உங்களாட்டம் மூஞ்சிக்கு நேரா சொல்றவங்க பரவாயில்லீங்க. வாங்க."

கழிவுத் தொட்டி சிமெண்டால் கட்டி மூடியிருந்தது. டேங்கர் லாரி வந்து எடுத்துப் போகும் என்றார். லாரி எங்கே கொண்டுபோய் ஊற்றுகிறது என்று நான் பார்க்கவில்லை. அதனால் அதைப் பற்றிச் சான்று சொல்ல மாட்டேன். தண்ணீரை மட்டும் பார்த்தேன். அவருடைய போர்வெல் எங்கள் சுவரை ஒட்டியே இருந்தது. ஆழமும் ஏறத்தாழ எங்களுடையதைப் போலத்தான் என்றார். தொட்டித் தண்ணீர் வேண்டாம் என்று சொல்லி, மோட்டார் போட வைத்து, குழாயில் வருவதை நேராகப் பிடித்து அளந்தேன். எங்கள் பள்ளித் தண்ணீரில் பாதி உப்புகூட அதில் இல்லை.

மறுபடி அளந்தேன். அதே எண்.

கழிவு இங்கிருந்து போவதாக இருந்தால் முதலில் கெட வேண்டியது இந்த போர். இத்தனை நாள் சுவரைத் தாண்டி வந்து இதை ஒருவரும் அளந்து பார்க்கவில்லை. குற்றவாளி யார் என்று முடிவு செய்துவிட்ட பிறகு அளக்க யார் வருவார்கள்?

சலீம் பாய் டீ வாங்கி வரச் சொன்னார். குடிக்கும்போது சொன்னார்: "பட்டறைய மூடிப்போட்டா நான் எப்படியோ பொழச்சுக்குவேன். இங்க வேல செய்யறவங்க எங்க போவாங்க? எம் மகளும் உங்க பள்ளிக்கூடத்துலதானுங்க படிச்சா."

"உங்க போர் நல்லாருக்குதுன்னு மட்டுந்தான் நான் பாத்தனுங்க. எங்க போர் ஏன் கெட்டுச்சுன்னு கண்டுபிடிச்சாத்தான் மனு போகாம நிக்கும்."

"அப்ப சீக்கிரங் கண்டுபிடிங்க. திங்கக்கெழமைக்கு ரெண்டு நாள்தான் இருக்குது."

4. பிள்ளைகள் வரைந்த படம்

அன்றைக்கு ஏழாம் வகுப்பில் கரும்பலகையில் இருந்த கடலையும் மேகத்தையும் அழித்தேன்.

"நம்ம பள்ளிக்கூடத்துத் தண்ணி எங்கிருந்து வருது, எங்க போகுதுன்னு வரையோணும். நெனச்சு வரையக் கூடாது. குழாய் போற வழியில நடந்து போய்ப் பாத்துட்டு வந்து வரையோணும்."

"மிஸ், பாத்ரூம் குழாயுமா?"

"அதுந்தான்."

"ஐயோ!" என்று வகுப்பே சிரித்தது. ஆனால் போனார்கள். நானும் பின்னால் போனேன். அவர்கள் சொல்வதையும் நான் அப்படியே நம்புவதில்லை.

மாடிக்குப் போன பிள்ளைகள் முதலில் ஓடி வந்தார்கள். மழைநீர்க் குழாயின் வாயில் புங்க இலையும் ஒரு டென்னிஸ் பந்தும் அடைத்துக் கிடந்தன. மாடியில் பெய்த மழை குழிக்கு வரவே இல்லை. வேறு பக்கமாக வழிந்து ரோட்டுச் சாக்கடைக்குப் போயிருந்தது. பச்சை போர்டு வைத்த குழிக்கு ஐப்பசி மழை ஒரு சொட்டும் கொடுக்கவில்லை.

அடுத்து நந்தினி கூப்பிட்டாள். அவள் குழு ஆர்.ஓ. மெஷினைப் பிடித்திருந்தது. "மிஸ், இதுல ரெண்டு குழாய் வருதுங்க. ஒண்ணு குடிக்கற தண்ணிக்குப் போகுது. இன்னொண்ணு சொவத்துல ஓட்டை போட்டு வெளிய போகுது."

வெளியே போனோம். மெல்லிய வெள்ளைக் குழாய் சுவரை ஒட்டி இறங்கி, மண்ணுக்குள் புகுந்து, நேராக மழைநீர் சேகரிப்புக் குழியில் வந்து முடிந்தது. தண்ணீர் விடாமல் வந்துகொண்டிருந்தது. கூழாங்கற்கள் மேல் வெள்ளையாகப் படிந்திருந்தது. மீட்டரை விட்டோம். வந்த எண்ணைப் பார்த்து பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள்.

முந்தின வாரம்தான் உப்புத் தண்ணீரைக் கிண்ணத்தில் கொதிக்க வைத்துக் காட்டியிருந்தேன். தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு தங்கிவிடும் என்று பார்த்திருந்தார்கள். ஆர்.ஓ. மெஷினும் அதே மாதிரிதான். குடிக்கிற தண்ணீரை ஒரு பக்கம் பிரித்துக் கொடுத்துவிட்டு, உப்பை எல்லாம் மீதித் தண்ணீரில் சேர்த்து வெளியே தள்ளும். உப்பு எங்கேயும் மறைந்து போவதில்லை.

"மிஸ், அப்ப இந்தத் தண்ணி குழிக்குள்ள போய், போருக்குப் போய், மோட்டார்ல மேல வந்து, மெஷினுக்குப் போய், மறுபடி இங்கயே வருதுங்களா?" என்றான் ஒரு பையன்.

"அதுவும் நீர் சுழற்சிதான்டா" என்றாள் நந்தினி. எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் உப்பு கூடிக்கொண்டே போயிருக்கிறது.

யார் போட்ட குழாய் என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. முந்தின வருஷம் பசுமைப் பள்ளிப் பரிசுக்கு விண்ணப்பித்தபோது, ஆர்.ஓ. கழிவு நீர் வீணாகக் கூடாது என்று ஹெச்.எம்.தான் பிளம்பரை வைத்துக் குழிக்குத் திருப்பியிருக்கிறார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. தண்ணீர் வீணாவதைப் பார்த்தால் பயப்படுகிற ஊர் இது. பூமிக்குள் விட்டால் எல்லாம் நல்லது என்று நினைத்துவிட்டார்கள். பரிசும் கிடைத்தது.

5. மனு

பிள்ளைகளின் படத்தை ஹெச்.எம். மேஜையில் விரித்தேன். குழிக்குக் கூட்டிப் போயும் காட்டினேன்.

"குழாய இன்னைக்கே வெட்டிப்போடறனுங்க. ஆனா மனு போகட்டும். பெத்தவங்க கையெழுத்தெல்லாம் வாங்கியாச்சு. பட்டறைன்னா எதாச்சும் தப்பு இருக்கத்தானுங்க செய்யும்."

"அப்படீன்னா இந்தப் படத்தையும் அதே மனுவோட சேத்துக் குடுங்க. நானும் கலெக்டர் ஆபீஸ்க்கு வாரேன்."

"பள்ளிக்கூடத்து மானம் போயிருமுங்க டீச்சர்."

"பண்ணாத தப்புக்கு ஒருத்தர் பட்டறைய மூடி அந்த மானத்தக் காப்பாத்தோணுமுங்களா?"

திங்கட்கிழமை மனு போகவில்லை. ஆனால் அந்த வாரமே பெற்றோர் கூட்டத்தில் ஹெச்.எம். எழுந்து, "பக்கத்துப் பட்டறையோட பேசி தண்ணிப் பிரச்சினைய சுமுகமா முடிச்சுட்டோமுங்க" என்றார். கேட்டவர்கள் என்ன நினைப்பார்கள்? பாய் தப்புச் செய்தார், பள்ளிக்கூடம் பெரிய மனசு பண்ணி விட்டுவிட்டது என்றுதான். நான் எழுந்து நின்று, குழாய் எங்கே இருந்து எங்கே போனது என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். படத்தை நந்தினியும் இன்னொரு பிள்ளையும் பிடித்துக்கொண்டார்கள்.

"டீச்சருக்கு பாய் என்ன குடுத்தாருங்க?" என்றார் சங்கத் தலைவர்.

"ஒரு டம்ளர் டீ குடுத்தாருங்க. எந்தத் தண்ணில போட்டதுன்னு கேட்டுட்டுத்தான் குடிச்சேன்."

பெண்கள் பக்கம் சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகு யாரும் பட்டறையைப் பற்றிப் பேசவில்லை. மறுவாரம் சுற்றுச்சூழல் மன்றப் பொறுப்பை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். ஓய்வு பெறும் வரை திரும்பத் தரவில்லை.

ஆர்.ஓ. கழிவு நீரை ஒரு தனித் தொட்டியில் பிடித்துக் கக்கூஸ் கழுவ விட்டோம். மாடிக் குழாய்க்கு வலை போட்டோம். அடுத்த மழைக்குப் பிறகு எண் இறங்க ஆரம்பித்தது. வேகமாக இல்லை. பூமிக்குள் போட்ட உப்பு அவ்வளவு சுலபமாக வெளியே போவதில்லை.

கூட்டம் முடிந்த மறுநாள் சலீம் பாயிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஏனுங்க டீச்சரம்மா, உங்க பசங்களுக்கு அந்தக் குழாய் கண்ணுல படாமப் போயிருந்தா, நாந்தானுங்களே?"

"ஆமாங்க" என்றேன். அவர் உள்ளே போய்விட்டார்.

புதிதாக வேலைக்கு வருகிற டீச்சர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நீர் சுழற்சிப் படத்தில் அம்புக்குறி போடுவது சுலபம். போடுவதற்கு முன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்தக் குழாயின் மறுமுனை வரைக்கும் நடந்து போங்கள். பச்சை போர்டு, பரிசு, ஹெச்.எம். சொன்னது, பக்கத்து ஆள் சொன்னது எதையும் நம்பாதீர்கள். சந்தேகப்படுங்கள். தப்பில்லை. ஆனால் அடுத்தவன் குழாயைச் சந்தேகப்படும் முன் உங்கள் குழாய் எங்கே போகிறது என்று பார்த்துவிடுங்கள்.