டீச்சரின் இதயம் போட்ட வளைகோடு

பள்ளியில் நுண்கணிதம் நடத்திய கணக்கு டீச்சருக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'மறுபடி போடு'. விடை சரியாக இருந்தாலும் அப்படித்தான் சொல்வார். மாடி ஏறும்போது மூச்சு வாங்கியதற்கும், படிக்கட்டைத் தப்பாகக் கட்டிவிட்டார்கள் என்றே சாதித்தார். தையல் கடை வைத்திருந்த கணவர்தான் ஒருவழியாக அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனார்.

அங்கே ரத்தத்தில் கொஞ்சம் சாயத்தை ஏற்றி, அது இதயத்தைக் கடந்து வரும்போது எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்று நொடிக்கு நொடி அளந்து, வளைகோடாக வரைந்தார்கள்.

"இதயம் நிமிஷத்துக்கு மூணு லிட்டர்தான் தள்ளுது, டீச்சர். அஞ்சு லிட்டராவது வேணும். வால்வை மாத்தணும்" என்றார் டாக்டர்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"ஏத்தின சாயத்தை, இந்த வளைகோட்டுக்குக் கீழ இருக்கிற பரப்பால வகுத்தோம்."

டீச்சர் சடாரென்று எழுந்து உட்கார்ந்தார். "அப்ப இது தொகையீடு! கடைசியில வால் தூக்கிட்டு நிக்குதே, அது உடம்பைச் சுத்திட்டு ரெண்டாம் தடவை வந்த சாயம். அதையும் சேத்துக் கூட்டித் தொலைச்சீங்களா?"

"மெஷினே அதை வெட்டிடும்."

"மெஷினை யாரு நம்பறது?"

வரைபடத்தைப் பிடுங்கி, பரப்பைச் சின்னச் சின்னப் பட்டைகளாக அறுத்துக் கூட்டினார். மூன்று லிட்டரே வந்தது. முகம் மலர்ந்துவிட்டது. "ஏங்க, விடை சரி!"

"இதயம் பழுதுன்னு தெரிஞ்சதுக்கா இப்படிப் பல்லைக் காட்டறே?" என்ற கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்போதுதான் டீச்சருக்குப் பயம் வந்தது. கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு ஆபரேஷனுக்குச் சம்மதித்தார். நன்றாகவே தேறினார்.

அந்த வருஷப் பரீட்சைக்கு அவருடைய இதயமே பத்து மார்க் கேள்வியானது. வகுப்பில் பாதிப் பேர் தப்பாகக் கூட்டி, நிமிஷத்துக்கு அரை லிட்டர் என்று எழுதி, டீச்சரைக் கொன்றேவிட்டார்கள்.