ஆர்லிஸின் கடைசித் திருகு

மூன்று தேய், ஒரு பார்வை. மறுபடி மூன்று தேய். ஆர்லிஸ் குச்சேரா திருப்புளியின் முனையைச் சாணைக்கல்லில் உரசி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறாள். திருகின் பள்ளத்துக்குள் முனை இம்மியும் ஆடக் கூடாது. ஆடினால் வழுக்கும். வழுக்கினால் திருகின் தலை கிழியும். "திருகு கிழிஞ்ச துப்பாக்கியும், பல்லுல உதட்டுச் சாயம் ஒட்டின பொண்ணும் ஒண்ணு. பாக்கறவன் அதை மட்டுந்தான் பாப்பான்" என்பாள்.

அவளிடம் நாற்பத்தோரு திருப்புளிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் பிடியிலும் ஒரு நிறத்தில் துணி நாடா. அவற்றை வேறு யாரும் தொடக் கூடாது. அவள் கணவன் மைலோ முப்பத்தைந்து வருட வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அதில் ஒன்றை எடுத்துப் பெயிண்ட் டப்பாவை நெம்பினான். "அந்தக் கதையை மட்டும் கேக்காதீங்க. ரெண்டு நாள் கொட்டகையில படுத்தேன்" என்று இன்றும் விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிக்கிறான். ஆர்லிஸ் சிரிப்பதில்லை.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் அந்தப் பக்கத்து மூன்று மாவட்டத் தையல் மெஷின்களுக்கும் அவள்தான் வைத்தியர். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் ஒட்டுப்போர்வை தைக்கும் பெண்கள், மெஷின் முரண்டு பிடித்தால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். வந்தவள் மூடியைத் திறக்க மாட்டாள். சக்கரத்தை மெல்லச் சுழற்றி, காதைச் சாய்த்துக் கேட்பாள். "டைமிங் தப்பிருக்கு. ஊசி இறங்கற நேரத்துக்குக் கொக்கி வந்து நூலை வாங்கிக்கணும். மயிரிழை லேட்டானாலும் தையல் விட்டுப் போயிடும். குடும்பம் மாதிரிதான்."

போன இலையுதிர் காலத்தில் அந்தக் காது லெராயின் அடகுக் கடையில் வேலை செய்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் தேய்ந்துபோன ரிவால்வர் ஒன்று கிடந்தது. கைப்பிடி மரத்தின் அடிமூலையில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. அது ஆர்லிஸுக்குத் தெரிந்த சில்லு. தபால்காரர் எமில் நொவோட்னி, வேலிக்கு ஆணி அடிக்கச் சுத்தியல் கிடைக்காமல் துப்பாக்கியின் அடியால் அடித்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. எமில் அவளைப் பெற்றவர்.

உருளையை வெளியே தள்ளி ஆறு துளைகளும் காலி என்று பார்த்துக்கொண்டாள். உள்ளே மூடி, பின்னாலிருக்கும் சுத்தியைக் கட்டைவிரலால் இழுத்தாள். சுத்தி போய் நின்றுவிட்டது. உருளையோ இன்னும் தன் இடத்துக்கு வந்து பூட்டிக்கொள்ளவில்லை.

"லேட்டா வருது" என்றாள்.

"ஆர்லிஸ், அது கதவுக்கு முட்டுக் குடுக்கத்தான் லாயக்கு" என்றான் லெராய். "நீ என்ன, தையல் மெஷினா பாக்கற?"

"ரெண்டுக்கும் ஒரே வியாதிதான், லெராய். பொட்டலம் கட்டு."

யார் விற்றது என்று அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. துப்பாக்கியின் இடப்பக்கமே சொல்லிவிட்டது. அம்மை வடுப் போல அங்கே துரு தின்ற குழிகள். தோலுறையில் போட்டு, ஈரமான நிலவறையில் வருடக்கணக்கில் மறந்துவிட்டால் வருகிற வடு அது. தோல் ஈரத்தைக் குடிக்கும், இரும்பைத் துரு குடிக்கும். அப்பா சாகும்போது அந்த ரிவால்வரைக் கொடுத்தது அவள் தம்பி டுவேன் கையில். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில், "அப்பா துப்பாக்கி எப்படிடா இருக்கு?" என்று அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். "பத்திரமா இருக்கு அக்கா" என்றான். அன்றைக்குப் போனவன் பிறகு அவள் வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை. தேவாலயத்திலும் கடைசி வரிசையில் உட்கார்ந்து, கடைசிப் பாட்டு முடியுமுன் எழுந்து போய்விடுவான்.

அவனுக்குப் பிடித்த கசகசா வைத்த கொலாச்சி ரொட்டியை ஆர்லிஸ் ஞாயிறுதோறும் இன்னும் சுடுகிறாள். கசகசா மைலோவின் பல்லிடுக்கில் சிக்கும். அதனால் அவன் தொடுவதில்லை. ரொட்டி அப்படியே இருக்கும். இரும்பைச் சீராக்குவது அவளுக்கு ஒரு குளிர்காலத்தில் முடிகிற வேலை. தம்பியைத் தன் சாப்பாட்டு மேசைக்குத் திரும்ப வரவழைக்க முடியுமா என்பதுதான் அவள் நெஞ்சைப் பிசைந்தது.

குளிர்காலம் முழுவதும் அவள் அதன்மேல் குனிந்திருந்தாள். உருளையைத் தள்ளிவிடும் விரல்நீளத் துண்டு தேய்ந்திருந்தது. புதிதாக ஒன்றை வாங்கி அரத்தில் ஒரு தேய், பொருத்தி ஒரு சோதனை, கழற்றி மறுபடி ஒரு தேய் என்று பதினெட்டு நாள். பிறகு நீலமேற்றும் வேலை. துருவைத் துருவாலேயே மூடுகிற பழைய முறை அது. மருந்து தடவி இரும்பை வேண்டுமென்றே துருப்பிடிக்க விடுவாள். சிவந்ததும் நீளச் சட்டியில் கொதிக்கும் நீரில் போடுவாள். சிவப்பு கறுக்கும். இரும்பு நாரால் மெல்லத் தேய்த்தால் அடியில் கருநீலம் தலைகாட்டும். மறுபடி துரு, மறுபடி கொதி, இப்படி ஒன்பது தடவை. எண்ணெய்ப் பசை பட்டால் நீலம் திட்டுத் திட்டாகிவிடும். அந்த நீளச் சட்டியில் சாசேஜ் வேகவைத்துக்கொள்ளலாமா என்று மைலோ கேட்டபோது அவள் ஜன்னல் வழியே கொட்டகையைப் பார்த்தாள். அவன் போய்விட்டான்.

வசந்தத்தில் லெராய் வந்து பார்த்தான். உருளையைத் திறந்து காலியென்று பார்த்து மூடி, சுத்தியை இழுத்தான். பூட்டு விழும் சத்தம் சரியான கணத்தில், சுத்தமாகக் கேட்டது. மறுபடி இழுத்தான். ஆறு தடவை இழுத்தான்.

"எனக்கே வித்துடேன்" என்றான்.

"உன் கதவுக்கு ஒரு செங்கல் வச்சுக்கோ."

"கைப்பிடி மரத்தை ஏன் மாட்டல?"

"அதுக்கு வேற ஆள் இருக்கு" என்றாள் ஆர்லிஸ்.

அடுத்த ஞாயிறு டுவேனுக்குப் போன் செய்தாள். "ஒரு மெஷின் தூக்கணும். கனமா இருக்கு. வாடா." தானிய லாரி ஓட்டுகிற ஐம்பத்து நாலு வயது மனிதன், தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு வாசல் மிதியடிமேல் நின்றான்.

"எந்த மெஷின் அக்கா?"

"மேசை மேல."

பார்த்தான். கருநீல இரும்பு, பக்கத்தில் மூலை சில்லு பெயர்ந்த கைப்பிடி மரத்தின் இரண்டு தகடுகள், ஒற்றைத் திருகு.

"இதுவா கனம்?"

"ரெண்டு வருஷமா உன்னால தூக்க முடியலையேடா."

அவன் உள்ளே வந்து உட்கார வெகுநேரம் ஆயிற்று. கட்டைவிரல் தானாகவே இடப்பக்கத்துக் குழிகளைத் தேடிப் போயிற்று. "அன்னிக்குப் பொய் சொன்னேன். தோலுறையில இருந்தா பத்திரம்னு நெனச்சேன். துருவைப் பாத்ததும் உன் மூஞ்சி ஞாபகம் வந்துச்சு. வித்துட்டேன்."

"இந்த மாவட்டத்துல பாதிப் பேர் தோலுறைன்னா பத்திரம்னுதான் நெனைக்கறாங்க. நனைஞ்ச ஷூவுக்குள்ள வச்ச மாதிரிதான் அது."

"மத்ததெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கு. இந்த வடுவை மட்டும் எடுக்க முடியலையா?"

ஆர்லிஸ் நிமிர்ந்தாள். "என்னால முடியாதா? ஒரே வாரத்துல தேச்சு எடுத்திருப்பேன். எடுத்தா ரொம்ப அழகா இருக்கும். ஆனா அது வேற யார் வீட்டுத் துப்பாக்கியோ ஆயிடும்."

டுவேன் மூக்கை உறிஞ்சிக்கொண்டான். ஆர்லிஸ் ஆணியில் தொங்கிய திருப்புளிகளிலிருந்து நீல நாடா கட்டியதை எடுத்தாள். அந்த ஒற்றைத் திருகுக்கென்றே அவள் முனை தீட்டியது அது. பிடியை அவன் பக்கம் திருப்பி நீட்டினாள். சமையலறை வாசலில் நின்ற மைலோ ஓரடி பின்வாங்கினான்.

டுவேன் தயங்கித் தயங்கி வாங்கினான். மரத்தகடுகளைப் பொருத்தி, முனையைப் பள்ளத்தில் வைத்தான். ஆர்லிஸ் காபி ஊற்றத் திரும்பினாள். முதுகுக்குப் பின்னால் திருகு மெல்ல இறங்கும் சத்தம். அவள் திரும்பவில்லை. காதைக்கூடச் சாய்க்கவில்லை.