மருந்தில்லாத கத்தரிக்காய்

எங்கள் வீட்டுக் கத்தரிக்காயைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் நான் எவ்வளவு பீற்றிக்கொண்டேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கூட வேலை பார்க்கிற டீச்சர்களுக்கு ஆளுக்கு நாலு காய் பையில் போட்டுக் கொடுத்து, "ஒரு சொட்டு மருந்து படாததுங்க, கண்ண மூடிக்கிட்டுச் சாப்பிடுங்க" என்பேன். எப்படி என்று யாராவது கேட்டுவிட்டால் போச்சு. வேப்பங்கொட்டை ஊறவைப்பதில் ஆரம்பித்து முழுப் பாடம் நடத்திவிடுவேன். பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தே பழகிய வாய், தெரியாததையும் தெரிந்த மாதிரிதான் சொல்லும்.

மலை என்றால் எதை வீசினாலும் முளைக்கும் என்று கீழே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். கொல்லிமலையில் மிளகும் பலாவும் அப்படி வளரலாம். என்னிடம் வந்த தக்காளியும் அவரையும் அப்படி வளரவில்லை. முதல் வருஷம் தக்காளி பழுக்கிற நேரத்தில் பனி இறங்கி இலையெல்லாம் கருகியது. மறு வருஷம் அவரைப் பந்தல் முழுக்கப் பூ. அதை நம்பி அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் காய் தருவதாகச் சொல்லி வைத்தேன். ஒரே வாரத்தில் கொழுந்தெல்லாம் கருப்பாக அசுவினிப் பூச்சி அப்பி, பூ மொத்தமும் உதிர்ந்தது. மிச்சம் இருந்ததைக் குரங்கு பார்த்துக்கொண்டது. தின்றால்கூட மனசு ஆறும். ஒரு கடி கடித்துவிட்டு, நம் முகத்தைப் பார்த்துக்கொண்டே வீசி எறியும். நானும் பதிலுக்குக் கல்லெடுத்து எறிவேன். ஒரு நாளும் பட்டதில்லை.

என் வீட்டுக்காரர் இதையெல்லாம் பார்த்துச் சிரிப்பார். அவருக்கு மேல்காட்டில் மிளகும் சரிவில் குச்சிக்கிழங்கும் உண்டு. பிறந்ததிலிருந்து மண்ணிலேயே கிடப்பவர். "டீச்சரம்மா பண்ணையம் எப்படிங்க போகுது?" என்று வேண்டுமென்றே மரியாதை போட்டுக் கேட்பார். எனக்குச் சுள்ளென்று ஏறும். ஒன்றே ஒன்றை மட்டும் நான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். மிளகுக்கு மருந்தடிக்கிற டேங்க்கை என் பாத்தி பக்கம் கொண்டுவரவே கூடாது. அவரும் கொண்டுவந்ததில்லை. அப்படித்தான் நினைத்திருந்தேன்.

போன வருஷம் என் அக்கா எங்களோடு வந்து தங்கினாள். எனக்கு ஒரே அக்கா. கீழே நாமக்கல் பக்கம் கட்டிக்கொடுத்தது. மாமா இறந்துவிட்டார், மகன் வெளியூரில் வேலை. மார்பில் கட்டி என்று அறுத்தெடுத்து, ஊசி மருந்து ஏற்றி, முடியெல்லாம் கொட்டிப் போயிருந்தாள். கடைசி ஊசி முடிந்த கையோடு நான்தான் போய் அழைத்து வந்தேன். மலையேறுகிற வழியெல்லாம் வளைவுக்கு வளைவு காரை நிறுத்தச் சொல்லிக் குமட்டிக்கொண்டே வந்தாள். கட்டிலில் படுக்கவைத்ததும் சொன்ன முதல் வார்த்தை, "வாயில வெக்கறதெல்லாம் மருந்தாவே இருக்குது கண்ணு. மருந்தில்லாம ஒரு வாய் சோறு போடு, அது போதும்."

அவள் சொன்ன மருந்து வேறு. நான் எடுத்துக்கொண்டது வேறு. காயை நன்றாகக் கழுவி வேகவைத்துக் கொடுங்கள் என்பதோடு டாக்டர் நிறுத்திக்கொண்டார். மருந்தடிக்காத காய்தான் ஆகும் என்று அவர் சொல்லவே இல்லை. ஆனால் அவள் உடம்பில் இனி ஒரு பொட்டு விஷம்கூட என் கையால் இறங்கக் கூடாது என்று என் மனசில் விழுந்துவிட்டது. அவள் தேறுவது என் பாத்தியில்தான் இருக்கிறது என்றே நம்பினேன். இன்று எழுதும்போது கிறுக்குத்தனமாகத் தெரிகிறது. அன்று எனக்குச் செய்ய முடிந்த காரியம் அது ஒன்றுதான்.

அக்காவுக்குக் கத்தரிக்காய் என்றால் உயிர். இருபது நாற்று நட்டேன். பின்பக்க ஜன்னலுக்கு நேரே பாத்தி, அவள் கட்டிலில் சாய்ந்தபடியே பார்க்கலாம். கீழேயிருந்து வேப்பங்கொட்டை வரவழைத்து, இடித்து, ஊறவைத்து, வடிகட்டித் தெளித்தேன். சாம்பல் தூவினேன். இஞ்சியும் பூண்டும் பச்சை மிளகாயும் அரைத்துத் தெளித்துவிட்டு, எரிகிற கை இரண்டையும் மோரில் முக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செடி வளர்ந்தது, பூத்தது, காய்த்தது. முதல் காயை ஆசையாக நறுக்கினால் உள்ளே புழு. அடுத்ததிலும் புழு. ஒரு முறம் காயில் அவளுக்கென்று தேறியது இரண்டே இரண்டு. அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதேன். சத்தம் வராமல் அழுததாகத்தான் என் நினைப்பு. தண்ணீர் குடிக்க வந்த வீட்டுக்காரர், சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் குடிக்காமலே போனார்.

அதற்குப் பிறகுதான் செடி திருந்தியது. நுனிக் கொழுந்து வாடுவது நின்றது. புதுக் காயெல்லாம் எண்ணெய் தடவினாற்போல் ஊதா நிறத்தில் பளபளத்தது. நறுக்கினால் உள்ளே வெள்ளை வெளேர். பூண்டுக் கரைசல் ஜெயித்துவிட்டது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. கூட்டு, கடைசல், பொரியல் என்று மாற்றி மாற்றிச் செய்தேன். அக்கா ஒவ்வொரு வாய்க்கும் கண்ணை மூடித் திறந்து, "இதுதாங்கண்ணு கத்தரிக்கா. கடையில வாங்குறதுல இந்த ருசி வருமா?" என்பாள். இரண்டு வாயோடு தட்டைத் தள்ளிக்கொண்டிருந்தவள் அரைத்தட்டு சாப்பிட ஆரம்பித்தாள். கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. அந்த ஒன்றரை மாதம்போல நான் சந்தோஷமாக இருந்தது கிடையாது.

சில விஷயங்கள் அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கூடையோடு நான் பாத்திக்குப் போனால் சில நாள் வீட்டுக்காரர் குறுக்கே வருவார். "இன்னைக்கு வேண்டாம் புள்ள, பிஞ்சா இருக்குது. அஞ்சு நாள் போகட்டும்" என்பார். என் பண்ணையத்தில் இவருக்கும் அக்கறை வந்துவிட்டதே என்று உள்ளூரக் குளிர்ந்துபோனேன். ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வீட்டுப் பின்பக்கம் லேசாக ஒரு வாடை. என்ன என்று கேட்டேன். "மேக்காட்டுல மொளகுக்கு அடிச்சன். சட்டைல இருக்கும்" என்றார். அந்தச் சட்டையை நானே ஊறவைத்துத் துவைத்தேன்.

ஒரு சனிக்கிழமை, பாகல் கொடி கட்டச் சணல் வேண்டுமென்று பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இருக்கிற உரக்கடைக்குப் போனேன். கடைக்காரரின் மகள் என்னிடம் படித்தவள். அந்த மரியாதையில் எனக்கு ஸ்டூலை எடுத்துப் போட்டார். சணலைச் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"மருந்து கேக்குதுங்களா டீச்சர்?"

அக்காவின் நோய் ஊர் முழுக்கத் தெரியும். எதிரே வருகிற எல்லாரும் விசாரிப்பார்கள். "கேக்குதுங்க" என்றேன். "இப்பத்தான் நாலு வாய் சோறு எறங்குது. மூஞ்சி தெளிஞ்சிருக்குது."

அவர் கை நின்றது. "சோறுங்களா? நான் கத்தரிக்குக் கேட்டனுங்க. புழு விட்டுருச்சுங்களான்னு."

"எந்தக் கத்தரிக்குங்க?"

"உங்க ஊட்டுக்காரர்தானுங்க வந்து வாங்கிட்டுப் போனாரு, ஊட்டுப் பொறத்தால இருக்கற கத்தரிக்குன்னு. பத்து நாளைக்கு ஒருக்கா அடிங்க, அடிச்சு அஞ்சு நாளைக்குக் காயத் தொடாதீங்கன்னு சொல்லித்தான் குடுத்தனுங்க. போன வாரங்கூட ஒரு பாட்டில் வாங்குனாருங்களே."

அஞ்சு நாள். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துப் பதறினார். "ஆமாங்க, கேக்குதுங்க, நல்லாக் கேக்குதுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். சணலை வாங்காமலே பாதி தூரம் வந்துவிட்டேன்.

வீட்டு வாசலில் அவர் மிளகைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"எத்தன நாளா அடிக்கறீங்க?"

எதை என்று அவர் கேட்கவில்லை. கையில் ஒட்டிய மிளகைத் தட்டிவிட்டார். "நீ அடுப்பங்கரைல உக்காந்து அழுதயே, அதுக்கு மறுநாள் இருந்து. நீ பள்ளிக்கூடம் போனப்பறம்."

"அவ ஒடம்பு தெரியுமில்லீங்க உங்களுக்கு? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா அடிக்க உட்டிருப்பியா? உங்கக்காளும் சாப்பிடோணும், நீயும் அழுகக் கூடாது. எனக்கு வேற வழி தெரியல புள்ள."

அவர் குரலில் தப்பு செய்த சாயலே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவரே செய்து அவரே கொடுத்திருந்தால்கூடப் போகட்டும் என்று விட்டிருப்பேன். பறித்தது நான், நறுக்கியது நான், இன்னும் ஒரு வாய், இன்னும் ஒரு வாய் என்று கெஞ்சிக் கெஞ்சி அக்காவுக்குக் கொடுத்தது நான். என் கையை வைத்தே எல்லாம் செய்துவிட்டார். ஊரெல்லாம் போய் வேப்பங்கொட்டைப் பெருமை பேசியதை நினைத்தால் உடம்பு கூசியது. பாத்திக்குப் போய் இருபது செடியையும் வேரோடு பிடுங்கினேன். பூவும் பிஞ்சுமாக இருந்த செடிகள். அவர் தடுக்கவும் இல்லை, உதவிக்கு வரவும் இல்லை. கை இரண்டும் முள் கீறி ரத்தமாக இருந்ததை உள்ளே வந்துதான் பார்த்தேன்.

அக்காவிடம் சொல்லியாக வேண்டும். அதற்குத்தான் பயமாக இருந்தது. அவள் கட்டிலில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து ஆரம்பித்தேன். "அக்கா, உனக்கு நான் குடுத்த காயி..."

"தெரியுங்கண்ணு" என்றாள்.

"என்ன தெரியும்?"

"மருந்தடிச்சது. மொத நாளே பாத்தனே. இந்த ஜன்னலத் தவுத்து எனக்குப் போக்கெடம் ஏது? நாந்தான் உங்க ஊட்டுக்காரர்கிட்டச் சொன்னேன், டேங்க்க நல்லாக் கழுவி வெய்யுங்க, அவளுக்கு மூக்கு ரொம்பக் கூர்மையின்னு."

இரண்டு பேரும் சேர்ந்து, என் வீட்டில், என் முதுகுக்குப் பின்னால். "தெரிஞ்சே எதுக்குச் சாப்பிட்ட? அத்தன ருசி, இத்தன ருசின்னு எதுக்குச் சொன்ன?"

"ருசியெல்லாம் எனக்குத் தெரியலங் கண்ணு. நாக்குச் செத்து மாசக்கணக்கா ஆச்சு. சக்கரையும் ஒண்ணுதான், சாம்பலும் ஒண்ணுதான். நீ கூடையத் தூக்கிட்டுச் சிரிச்சுக்கிட்டு வருவியே, அதப் பாத்துட்டு முழுங்குவேன்."

இதைக் கேட்டு நான் உருகியிருக்க வேண்டும். உருகவில்லை. கோபம்தான் வந்தது. வீட்டுக்காரர் செய்ததைவிட இது ஆழமாக இறங்கியது. ஒன்றரை மாதம் அவளுக்கு நான் வைத்தியம் பார்த்ததாக நினைத்திருந்தேன். அவர்கள்தான் எனக்குப் பார்த்திருக்கிறார்கள். எழுந்து வந்துவிட்டேன்.

மூன்று நாள் அக்காவிடம் நான் பேசவில்லை. உடம்புக்கு முடியாதவளிடம் முகம் கொடுக்காமல் இருந்தேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. சாப்பாட்டைத் தட்டில் போட்டுக் கட்டிலில் வைப்பேன், திரும்பி வந்து தட்டை எடுப்பேன், அவ்வளவுதான். காய் சந்தையில் வாங்கியது. அதில் யார் எதை எத்தனை தரம் அடித்தார்களோ, கேட்கவும் இல்லை. அவளும் பாதிக்கு மேல் மிச்சம் வைத்தாள்.

நாலாம் நாள் மத்தியானம் கூட்டும் சோறும் வைத்துவிட்டுத் திரும்பினேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"கூட்டுல உப்புக் கம்மி கண்ணு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாக்கு வந்துவிட்டதா? அடுப்பங்கரைக்கு ஓடிப்போய்ச் சட்டியிலிருந்து ஒரு கரண்டி கூட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தேன். உப்புச் சரியாக இருந்தது. இன்னொரு தரம் பார்த்தேன். ஒரு கல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நாக்கு வரவில்லை. பிறகு உப்பு ஜாடியை எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன்.

"ஆமாக்கா, கம்மிதான்" என்றேன். ஜாடிக்குள் விரலை விட்டு, உப்பைத் தொடாமல் வெறும் விரலை எடுத்து, அவள் தட்டின் மேல் தூவுவதுபோல உதறினேன். "இப்பப் பாரு."

அவள் ஒரு வாய் எடுத்து வைத்து மென்றாள். "இப்பச் சரியா இருக்குது கண்ணு" என்றாள்.