ருசி பார்க்காமல் மீன் சமைத்தவர்

தனகோட்டி அண்ணன் போய்விட்ட செய்தி வந்தபோது நான் கள்ளக்குறிச்சியில் மீன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். நான் வரிசையில் நிற்கிற லட்சணம் உங்களுக்குத் தெரியும். முன்னால் இருப்பவரின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, கடைக்காரரை அவசரப்படுத்தி, அதற்குள் இரண்டு தரம் திட்டும் வாங்கியிருந்தேன். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. ஓய்வு பெற்ற நம் ஆட்களின் வாட்ஸப் குழுவில் மாலை போட்ட படம். அதன் கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அந்த மனிதரைப் பற்றி ஒருத்தனாவது ஒரு வார்த்தை எழுதக் கூடாதா? பிறகு பார்த்தால் நானும் எதுவும் எழுதவில்லை. மீனும் வாங்காமல், வண்டியை எடுத்துக்கொண்டு அவர் ஊருக்குப் போகும் சங்கராபுரம் ரோட்டில் போய்க்கொண்டிருந்தேன்.

அன்று எழுதாததை இப்போது எழுதுகிறேன். நம் டிப்போவில் பின்னால் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை: அவர் டிரைவர், நான் கண்டக்டர். கள்ளக்குறிச்சியிலிருந்து கரியாலூர் போகும் மலை வண்டியில் பதினோரு வருஷம் ஒன்றாக ஓடினோம். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னைப் பாய் என்பார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மீசைகூடச் சரியாக முளைக்காத எனக்கு அந்த ‘பாய்’ கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

ஸ்டாப் இல்லாத இடத்தில் யார் கை காட்டினாலும் நிறுத்த மாட்டார். ஆனால் தலையில் சுமையோடு ஒருத்தர் நின்றால், கை காட்டாவிட்டாலும் வண்டி நிற்கும். வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் ஒருநாள் இதைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வந்தார். அண்ணன் ஸ்டியரிங்கை விட்டுத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “கை சும்மா இருக்கறவரு ஸ்டாப்பு வரைக்கும் நடக்கலாங்க” என்றார். அவர் மேல் புகார் எழுதினார்கள். விசாரணைக்குப் போய் அங்கேயும் இதையே சொல்லிவிட்டு வந்தார்.

நான் சொல்ல வந்தது அந்த மறியல் வாரத்தைப் பற்றி. இடஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராகச் சாலையை மறித்த வருஷம் அது. காலையில் கரியாலூரிலிருந்து இறங்கினோம். கோமுகி அணைக்குப் பக்கத்தில் வந்தபோது, சாலைக்குக் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. அதற்கு அப்பால் இன்னொன்று. மலைக்குத் திரும்பலாம் என்றால் எங்களுக்குப் பின்னாலேயே ஒன்றைச் சாய்த்துவிட்டார்கள். பயணிகள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். மலைக்காரர் ஒருவர் மட்டும், “நீங்க எங்க போவீங்க பாவம்” என்று தன் மூட்டையிலிருந்து நாலு படி சாமை அளந்து கொடுத்துவிட்டுப் போனார். வண்டியை விட்டு நாங்கள் நகர முடியாது. விட்டுப் போய் ஒரு கண்ணாடி உடைந்தாலும் வேலைக்கு உலை.

மரம் வெட்டிப் போட்டவர்களில் அண்ணனின் அக்கா மகனும் இருந்தான். “மாமா, ஓரமா வுட்டுட்டு இரு. உன் வண்டிய ஒருத்தனும் தொட மாட்டான்” என்றான்.

“கேக்கறது நியாயம்டா. படிச்ச புள்ளிங்க வேல இல்லாம சுத்திக்கினு இருக்குதுங்க, எனக்குத் தெரியாதா? ஆனா இந்த வண்டி மேல ஒரு கல்லு வுழுந்துச்சின்னா, உன் வூட்டு வாசல்ல வந்து குந்திக்குவேன்.”

கல் எதுவும் விழவில்லை. விழுந்தது நான்தான். எனக்கு அப்போது வயிற்றுப் புண். நேரத்துக்குச் சாப்பிடாமல், கிடைத்த இடத்தில் பரோட்டாவும் சால்னாவுமாக ஓடியதன் பலன். காரம், புளி, வறுத்தது எதுவும் கூடாது, வாந்தியில் காப்பித்தூள் மாதிரி கறுப்பாக ஏதாவது தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடு என்று டாக்டர் சொல்லியிருந்தார். அணையில் வலை போடுகிறவர் எங்கள் மேல் பரிதாபப்பட்டு முதல் நாள் மதியம் மீன் குழம்பு கொடுத்தார். மலை மிளகாய் அரைத்த குழம்பு. பசிக்கு அள்ளித் தின்றேன். சாயங்காலமே கரையோரமாய்க் குனிந்து உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். டாக்டர் சொன்ன அதே கறுப்பு.

ஆஸ்பத்திரி கள்ளக்குறிச்சியில். இடையில் எத்தனை மரம் கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நடந்தே போய்விடுகிறேன் என்று கிளம்பினேன். ஒரு பர்லாங்கு போவதற்குள் கண் இருட்டியது. அண்ணன் பின்னாலேயே வந்து கக்கத்தில் கை கொடுத்துத் திருப்பிக் கூட்டி வந்தார். “வழியில வுழுந்தா தூக்கறதுக்கு ஆள் ஏது? இங்கயே இரு. வயித்துக்கு ஒத்துக்கறதா நான் எதனா பண்ணித் தரேன்” என்றார்.

கரியாலூரில் இரவு தங்கும் வண்டி என்பதால் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் ஒரு குண்டானும் ஒரு தோசைக்கல்லும் எங்கள் பெட்டியில் எப்போதும் இருக்கும். மறுநாள் காலை வலைக்காரரிடம் ஒரு விரால் வாங்கி வந்தார். சாம்பலைத் தேய்த்து வழவழப்பை எடுத்தார். நடுமுள்ளின் இரண்டு பக்கமும் கத்தியை விட்டு, சதையை மட்டும் இரண்டு பாளமாக எடுத்தார். வெள்ளை வெளேர் என்று இருந்தது. உப்பு, துளி மஞ்சள், தட்டிய பூண்டு ஒரு பல். அவ்வளவுதான். டிபன் கேரியரின் ஒரு அடுக்கில் அதை வைத்து மூடி, தண்ணீர் கொதிக்கும் குண்டானுக்குள் இறக்கினார். “விரல வெச்சி அமுக்கினா ஏடு ஏடா பிரியணும் பாய். அதுக்கு மேல ஒரு நிமிஷம்கூட வைக்கக் கூடாது. வெச்சா ரப்பர்தான்.”

மீன் பஞ்சு மாதிரி வெந்திருந்தது. ஆனால் உப்பே இல்லை. முணுமுணுத்துக்கொண்டு தின்றேன். அவர் தள்ளி உட்கார்ந்து சாமைக் கஞ்சியும் வெங்காயமும் சாப்பிட்டார்.

மூன்றாம் நாள் வாழையிலையில் பொதிந்து தோசைக்கல்லில் வைத்தார். நான் சும்மா இருக்க மாட்டாமல், இலையைப் பிரிப்பதும் புரட்டுவதுமாக இருந்தேன். “கரண்டிய கீழ வை பாய். வெள்ள மீன அதிகாரம் பண்ணக் கூடாது. ஒரு பக்கம் வெந்தா மறுபக்கம் தன்னால வேவும்” என்றார். அன்று உப்பு ஒரே கரிப்பு. எனக்கு வயிற்று வலி, வீட்டு நினைப்பு, எப்போது திறப்பார்கள் என்று தெரியாத சாலை. எல்லாம் சேர்ந்து வாயில் வந்துவிட்டது.

“ஒரு வாய் வெச்சிப் பாத்தா இன்னா கொறஞ்சா பூடும்? நீங்க வாயில வைக்காதத எனக்கு மட்டும் எதுக்குப் போடறீங்க?”

தட்டைத் தள்ளிவிட்டேன். அவர் முகம் ஒரு கணம் சுருங்கியது. “நீ சொல்லு பாய், நாளைக்கு சரி பண்ணிடறேன்” என்றார். மீனைத் தண்ணீரில் அலசி, கஞ்சியில் உதிர்த்துப் போட்டு மறுபடி என் முன்னால் வைத்தார். வீம்பாகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, பசி தாங்காமல் தின்றேன்.

நான் பார்த்த பார்வையை என்னவென்று சொல்ல? நோன்பு மாதம் முழுக்க என் அம்மா ருசி பார்க்காமல்தான் சமைப்பார். சட்டியில் வரும் வாசனையை வைத்தே உப்பைக் கணக்குப் பண்ணுவார். அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். எதிரே ஒரு மனிதர் இரண்டு நாளாகச் சமைக்கிறார், நாக்கில் வைக்கவில்லை. அவரும் ஒரு நோன்பில் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் வீட்டில் புரட்டாசி என்றால் மீன் விலை இறங்குகிற மாதம், அவ்வளவுதான்.

நான்காம் நாள் அண்ணன் மனைவி அஞ்சலை அண்ணி வந்து சேர்ந்தார். சங்கராபுரத்துக்குப் பக்கத்து ஊரிலிருந்து, தம்பியின் சைக்கிளில் பாதி தூரமும் நடந்து மீதி தூரமுமாக, மரங்களைத் தாண்டி வந்திருந்தார். இடுப்பில் ஆறு வயது மகள் செல்வி. இளம்பிள்ளை வாதத்தில் குழந்தையின் வலது கால் சூம்பியிருந்தது. அண்ணன் அப்போது ஜிலேபி மீனை முள் எடுத்து, வடித்த கஞ்சியில் போட்டுக்கொண்டிருந்தார். கஞ்சி தளதளவென்று கொதிக்காமல், லேசாக முணுமுணுத்துக்கொண்டே இருக்க வேண்டும், அப்போதுதான் சதை உடையாது என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்த நேரம்.

அண்ணி அவர் கையைப் பார்த்தார். “இன்னாய்யா இது, புரட்டாசில?” என்றார்.

“நான் திங்கறதுக்கில்ல. பாய்க்கு.”

“மூணாவது வருசம்யா. இந்த மாசம் முடிஞ்சா முடிஞ்சிடும். கொழந்த காலுக்கு வேண்டிக்கினது.”

“வாயில வைக்கலடி. அந்தாளு ரத்தமா கக்கிக்கினு இருந்தான். பெருமாளுக்குத் தெரியாதா?”

அண்ணி குழந்தையை வண்டியின் படியில் உட்கார வைத்துவிட்டு மலையைப் பார்த்தபடி நின்றார். எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர்கள் கிளம்பிய பிறகு, “அண்ணே, சொல்லியிருக்கலாமே” என்றேன். “சாப்பிடாம இருக்கறதுதான் பாய் வேண்டுதல். தொடாம இருக்கறதுன்னு நான் வேண்டிக்கல. போய் தட்ட எடுத்துக்கினு வா” என்றார். எனக்கு வேண்டிய பதில் அது. நம்பிவிட்டேன். அன்று உப்பு சரியாக இருந்ததா, இல்லையா என்று எனக்கு நினைவில்லை.

சாலை திறந்ததும் நேராக ஆஸ்பத்திரி வாசலில்தான் வண்டியை நிறுத்தினார். அந்த வாந்திக்குப் பிறகும் காரத்தைத் தொட்டிருந்தால் வயிற்றைக் கிழித்திருப்போம் என்று டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து இந்த மூன்று மாதிரி மீனும் என் வீட்டில் சமைக்காத வாரம் கிடையாது. என் மனைவிக்கு நான்தான் கற்றுக் கொடுத்தேன். பேரப் பிள்ளைகளுக்கு முதல் மீன் ஊட்டியதும் கஞ்சியில் வெந்த அந்த வெள்ளைச் சதையைத்தான். அண்ணனுக்கு நன்றி என்று ஒரு தரமாவது சொன்னேனா? இல்லை. அவரைப் பார்க்கும்போதெல்லாம் சம்பளக் கமிஷன் பேசினேன், பென்ஷன் பேசினேன், அவர் ஓட்டுகிற வேகத்தைக் கிண்டல் செய்தேன். உட்கார்ந்து இதைப் பேச எனக்கு ஒரு பத்து நிமிஷம் நிலைகொள்ளவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். அண்ணி இறந்து நாலைந்து வருஷமாகிறது. செல்வி சங்கராபுரத்தில் தையல் கடை வைத்திருக்கிறாள். இன்றைக்கும் முழங்காலில் கையை ஊன்றித்தான் நடக்கிறாள். எனக்கு இலை போட்டு, பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து நின்றாள். அவள் காலைப் பார்க்காமல் இருக்கத்தான் முயன்றேன். முடியவில்லை. கேட்டே விட்டேன்.

“அந்த வருஷம் உங்கப்பா எனக்கோசரம் மீன தொட்டாரு. உனக்கு நெனப்பு இருக்குதாம்மா?”

“இல்லாம இன்னா, பாய் சித்தப்பா? அம்மா ஒத்துக்கவே இல்ல. கை பட்டாலும் பட்டதுதான், வேண்டுதல் கலைஞ்சி பூட்ச்சின்னு ஒரே அழுக. அப்பா மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிச்சாரு. இன்னும் மூணு புரட்டாசி இருந்தாரு.”

அந்த மூன்று வருஷமும் நான் அவருக்குப் பின்னால்தான் விசில் ஊதிக்கொண்டிருந்தேன். புரட்டாசியில் டீக்கடையில் அவர் பஜ்ஜியோடு நிறுத்திக்கொள்ள, நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆம்லெட் தின்றிருக்கிறேன்.

“எங்கிட்ட ஏம்மா ஒரு வார்த்தை சொல்லல?”

“நான் ஒரு தரம் சொல்லப் போனேன். அப்பாதான் தடுத்துட்டாரு. ‘பாய்கிட்ட சொல்லாத. சொன்னா அப்புறம் அந்தாளு வயித்துல மீனு தங்காது’ன்னாரு.”

தங்கியது அண்ணே. நீங்கள் சொல்லாததால்தான் தங்கியது. அறுபதைத் தாண்டி, எங்கும் ஒரு இடத்தில் இருக்க முடியாமல் இன்னும் அலைந்துகொண்டிருக்கிற இந்த உடம்புதான் உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது. அதில் உங்களுடைய மூன்று புரட்டாசி இருக்கிறது.